பூண்டுத் தராசில் நிறுத்த லென்ஸ்

என் மனைவி அஞ்சலையின் அக்கா ராஜாமணி காசிக்குப் போய்வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கங்கை ஓட ஆரம்பித்தது. பெண்ணாடத்தில் பஸ் ஏறி வருவாள். காபி குடிப்பாள். டம்ளரைக் கீழே வைத்த கையோடு பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுப்பாள். படகில் ராஜாமணி, பின்னால் படித்துறை. பார்த்துப் பார்த்து, அந்தப் படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த ஆள்கூட எங்களுக்குச் சொந்தக்காரர்போல ஆகிவிட்டார்.

இதற்குப் பதில் சொல்லத்தான் அஞ்சலை நேபாளத்தைப் பிடித்தாள். முக்திநாத். பனிமலைக்கு நடுவே பெருமாள். யாத்திரைக் கோஷ்டி ஒன்று கிளம்புகிறது, நாமும் போகிறோம் என்று அக்காவிடமே அறிவித்தாள்.

"அது நடந்து போறதாம்லடி" என்றாள் ராஜாமணி. "நீ ஜங்ஷனுக்குப் போறதுக்கே ரிக்‌ஷா வெக்கிறவ."

"நடப்பன்."

"வாயால சொன்னா யாரு நம்புவா? நீ நிக்கணும், பின்னால பனிமலை நிக்கணும். ரெண்டும் ஒரே படத்துல, பெருசா. அப்பத்தான் நம்புவன். உன் வூட்டுக்காரரு போட்டோகிராபருதான? எடுக்கட்டுமே."

போட்டோகிராபர்தான். ஆனால் விருத்தாசலத்துப் போட்டோகிராபர். எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகள் விலைப் பட்டியல் அச்சடிக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். ஊறுகாய் ஜாடி, ஃப்யூஸ் கட்டை, கோப்பை, தலையாட்டிப் பொம்மை எல்லாம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் எடுத்தது கக்கூஸ் பீங்கான். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து, கொஞ்சம் வெட்கப்படுவதுபோல அரைத் திருப்பம், எல்லாக் கோணமும் என் கைக்குப் பழக்கம். மலை மட்டும் பழக்கமில்லை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே மலை உண்டு, அசலம் என்றால் மலைதான். ஊருக்குள் தேடினால் களிமண் மேடுதான் கிடைக்கும்.

மலைக்கு என் கேமராவில் இருந்த லென்ஸ் போதாது என்று புத்திக்குத் தெரிந்தது. ஜப்பான் சாமான் காத்மாண்டுவில் சல்லிசு, அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒரே நிபந்தனை, அது எடை குறைந்ததாக இருக்க வேண்டும். மலை ஏறுகிறவன் குறைந்த பாரத்தோடு போக வேண்டும் என்பார்கள். நான் இறக்கிவைக்க முடியாத பாரம் ஒன்றை ஏற்கெனவே சட்டைக்குள் தூக்கிக்கொண்டு திரிகிறவன். அதற்கு மேல் ஒரு பொட்டு ஏற்ற முடியாது. கேமரா ஸ்டாண்டைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

கேமராவைக் கட்டிக் கொடுத்தவர் பட்டறையில் பேக்கிங் பார்க்கும் கொளஞ்சி. எங்கள் ஊரில் உடையக்கூடிய எதுவும் வைக்கோல் இல்லாமல் ஊரைத் தாண்டாது. பலகைப் பெட்டி, உள்ளே வைக்கோல் மெத்தை, அதன் நடுவே கேமரா, மேலே மறுபடி வைக்கோல். "கப்பல்லேர்ந்து தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது சார். புதுசா வாங்குற லென்ஸுக்கும் சேத்து எடம் வுட்டுருக்கன்" என்றார். கப்பலிலிருந்து விழுவதற்கு எல்லா ஏற்பாடும் ஆயிற்று.

காத்மாண்டுவில் முதல் நாள். தாடியும் சடையும் ருத்திராட்சமுமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை யோசிக்காமல் ஒருவன் கையில் காசு போட்டாள். நான் பதறினேன். அவன் பதறவில்லை. கும்பிட்டு வாங்கிக்கொண்டான். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சாப்ட்டு ரெண்டு நாளாவுது" என்றாள். எங்கள் தேசத்தை ஆண்டவர்களின் பேரப் பிள்ளைக்குப் பிச்சை போட்ட பெருமையோடு கடைத்தெருவுக்குள் நுழைந்தோம்.

கேமராக் கடைக்காரர் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை. நான் குட்டையைக் கையில் எடுத்தேன், காதருகே கொண்டுபோனேன், நடுவிரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டினேன்.

இது வேண்டுமென்று செய்ததில்லை. விருத்தாசலத்துக்காரன் கைக்கு எந்தப் பண்டம் வந்தாலும் முதலில் சுண்டித்தான் பார்ப்பான். 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். பெண் பார்க்கப் போன இடத்தில் காபிக் கோப்பையைச் சுண்டி, "விரிசல்" என்று அறிவித்து, கைக்கு வந்த சம்பந்தத்தைக் கோட்டை விட்டவன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.

லென்ஸ் 'டொக்' என்றது.

"விரிசல்" என்றேன்.

கடைக்காரர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். இந்தி வேண்டாம் என்று ஸ்டேஷன் பலகையில் தார் பூசிய தலைமுறை நாங்கள். புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் உடைந்த இங்கிலீஷில் விளக்கியதைத் தமிழில் தருகிறேன்: "இது லென்ஸ். கோயில் மணி இல்லை. இன்னொரு தடவை தட்டினால் நீங்கள் வாங்கியதாகக் கணக்கு."

சரி, ஓசையை விட்டு எடைக்கு வந்தோம். எத்தனை கிராம் என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. அஞ்சலை இரண்டையும் இரண்டு கையில் ஏந்தி, கத்தரிக்காய் பார்ப்பதுபோல மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்து மளிகைக் கடையைக் கையால் காட்டினாள். அங்கே தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

மளிகைக் கடை அம்மாளுக்கு எங்கள் வேண்டுகோள் விசித்திரமாகவே படவில்லை. ஒரு தட்டில் குட்டை லென்ஸை வைத்தாள், மறுதட்டில் பூண்டு. ஒரு கைப்பிடிப் பூண்டில் முள் நேரே நின்றது. அடுத்து நெட்டை. கூடையிலிருந்த பூண்டு முழுக்கத் தட்டுக்குப் போனது. போதவில்லை. இஞ்சி போனது. அதன்மேல் ஒரு வெல்ல உருண்டை உட்கார்ந்ததும்தான் லென்ஸ் தரையை விட்டு எழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. பெருங்காயம் வாங்க வந்த ஒருவர், "கனமானதையே வாங்குங்கள், நிறைய லென்ஸ் கிடைக்கும்" என்று ஆலோசனை சொன்னார். கடை அம்மாள், இதைத் தோலுரித்துச் சமைப்பதா, அப்படியே போடுவதா என்று கேட்டாள்.

"பூண்டு லென்ஸையே வாங்கிக்கறேன்" என்றேன்.

அஞ்சலை ஒன்றே ஒன்று கேட்டாள். "இதுல மலை பெருசா வுழுமா?"

"முழுசா வுழும்" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லென்ஸில் ஒரு கூடைப் பூண்டை மிச்சம் பிடித்த அந்த மாலையில்தான் எங்கள் மூட்டையிலிருந்து அஞ்சலை ஒரு ஜாடியை வெளியே எடுத்தாள். எங்கள் ஊர்ப் பட்டறையில் வெந்த, தடித்த, பழுப்பு ஜாடி. நிறைய எலுமிச்சை ஊறுகாய். காலி ஜாடியே ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும்.

"இது எதுக்கு?"

"ஊறுகா இல்லாம எப்படிச் சாப்புடறது?"

"பாட்டில்ல கொண்டாந்திருக்கலாமே."

"பாட்டில்ல வெச்சா ருசி மாறிடும்" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

நடை தொடங்கிய நாள். மான்பகதூர் என்பவர் தன் கோவேறு கழுதையோடு வந்து சேர்ந்தார். மூட்டை, ஜாடி, கொளஞ்சியின் பெட்டி எல்லாம் அதன் முதுகில் ஏறின. புது லென்ஸும் பெட்டியில், வைக்கோலுக்குள். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. எங்கள் ஊர்ப் பக்கத்து வயல் வரப்பில் நடந்து பழகிய கால் இது. வரப்பு எழுந்து நிற்காது. இங்கே வழி எழுந்து நின்றது.

சாப்பாடு காலையிலும் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு. இரவிலும் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு. "கண்ணாலம் கட்டிகின மாதிரி மாத்தவே மாட்டறாங்க" என்று அஞ்சலை ஊறுகாயைத் திறந்தாள். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "மோருல டீத்தூளக் கொட்டிட்டாங்களா?" என்றாள். மரியாதைக்காக நான் முழுவதையும் குடித்தேன். அவர்கள் மரியாதைக்காக மறுபடி ஊற்றினார்கள். இப்படியே மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் வைக்கோல் இல்லை. ஒரு துரும்புகூட இல்லை. பலகையின் ஒரு சட்டம் பெயர்ந்திருந்தது. கேமராவும் லென்ஸும் துடைத்து வைத்ததுபோல வெறும் பலகையில் உட்கார்ந்திருந்தன. முன்னால் போன எங்கள் கழுதையின் முதுகுப் பெட்டியை, பின்னால் வந்த கோஷ்டிக்காரர் ஒருவரின் கழுதை வழியெல்லாம் ருசித்திருக்கிறது.

மான்பகதூர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது, கைஜாடையிலிருந்து எனக்குப் புரிந்தவரை: "எத்தனையோ யாத்திரைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கழுதை மேல் தீனியைக் கட்டி, அதற்குள் விலை உயர்ந்த சாமானை ஒளித்து வைத்தவரை இன்றுதான் பார்க்கிறேன்."

ஊரில் லாரிதான் ஜாடி ஏற்றிப் போகும், லாரி வைக்கோல் தின்னாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. அன்று முதல் லென்ஸ், அஞ்சலையின் அவல் பைக்குள் பயணம் செய்தது.

மறுநாள் காலையில் மேகம் விலகி மலை வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரவில் அங்கே ஒன்றும் இல்லை. மான்பகதூரிடம் பெயர் கேட்டேன். "நீலகிரி" என்றார்.

"நெசமாவா?" என்றாள் அஞ்சலை. "இதுக்கு மேட்டுப்பாளையத்துல ரயில் ஏறியிருக்கலாமே."

அவளை நிறுத்தி வைத்து, அவலை ஊதித் தள்ளி, பூண்டு லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்தேன். வானம் முழுக்க நின்ற மலை, அஞ்சலையின் தோளில் ஒட்டிய சோற்றுப் பருக்கையாக இருந்தது. முழுசாக விழுந்திருந்தது, அதில் குறையில்லை. பழைய லென்ஸை மாட்டினேன். பருக்கை, இட்லித் துணுக்கு ஆயிற்று. அவ்வளவுதான்.

"குடுங்க பாக்கலாம்" என்று கேமராவை வாங்கி அவளே பார்த்தாள். நிமிரும்போது முகம் மாறியிருந்தது.

"இதுவா மலை? எங்க அக்கா இத்தப் பாத்தா, தோள்ல பொடுகு வுழுந்திருக்குதுன்னு சொல்லுவா."

"லேசான லென்ஸுன்னா கொஞ்சம் அப்படித்தான்..."

"லேசு உங்களுக்கு. அவ முன்னால நிக்கப் போறது நானு."

அன்று நடந்த வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. கழுதையோடு பேசினாள். பதில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். இருவரும் அவ்வப்போது திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பும். நிற்க முடியாது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கொப்புளம் கண்ட பாதங்களைச் சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் நெட்டை லென்ஸ். கடையில் பார்த்ததைவிட ஒரு முழம் கூட. ஊரில் மாவாட்டும் குழவிக்குக் கண்ணாடி பதித்தால் எப்படியோ அப்படி.

நான் என் குட்டையைத் துடைக்க வெளியே எடுத்தேன். அவர் பார்வை அதன்மேல் விழுந்தது. கையை நீட்டினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

அவர் சொன்னது தமிழில்: "என்னுடையதைத் தூக்கி வந்ததற்கு நான் ஒரு ஆட்டைத் தூக்கி வந்திருக்கலாம். ஆடாவது கொஞ்ச தூரம் தானாக நடந்திருக்கும்."

இரண்டுக்கும் திருகும் மரை ஒன்றே. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். லேசான லென்ஸ் தேடி நாடு விட்டு நாடு வந்து, தராசில் நிறுத்து வாங்கி, பாதி மலையில் அதைக் கொடுத்துக் குழவியை வாங்குவதா? அதற்குள் அஞ்சலை அந்த நெட்டையைத் தூக்கி வாசல் வழியே மலையைப் பார்த்துவிட்டாள். லென்ஸைக் கேமராவில் மாட்டாமல் வெறுமனே பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். அவளுக்கு அது பொருட்டில்லை. "பெருசா தொங்குது" என்றாள். "வாங்குங்க."

வெள்ளைக்காரருக்கு யோசனை வந்தது. கனமான லென்ஸ்தான் விலை கூட. எங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். அஞ்சலைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒருவர் கூடக் கேட்கிறார் என்பது எந்த மொழியிலும் அவளுக்குப் புரியும். ஜாடியைத் திறந்து ஒரு துண்டு எலுமிச்சையை, அவர் தட்டில் மிச்சமிருந்த பருப்புச் சோற்றில் வைத்தாள். அவர் வாயில் போட்டார். முகம் நாலு நிறம் மாறியது. மூக்கைத் துடைத்தார். இன்னொரு துண்டு கேட்டார். பருப்புச் சோறு அவரையும் பல நாளாகப் படுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

பாதி ஜாடிக்குப் பேரம் முடிந்தது. அவருடைய சோப்பு டப்பா, தண்ணீர்ப் பாட்டில் இரண்டிலும் ஊறுகாய் நிரப்பிக் கொடுத்தோம். குட்டை லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் கொப்புளப் பாதத்தோடு ஓடாத குறையாகப் போனார். நான் குழவியோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியும்போது ஆற்றுப் படுகைக்கு இறங்கினோம். அகலமான படுகை, உருண்டைக் கல், நடுவே சாம்பல் நிறத் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. எதிரே நீலகிரி, ஒரு பொட்டு மேகமில்லாமல். அஞ்சலை தலைவாரி, பொட்டு வைத்து, பட்டுப் புடவைமேல் கம்பளிச் சட்டை மாட்டி வந்திருந்தாள்.

அப்போதுதான் நெட்டை லென்ஸின் குணத்தை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டே நின்றால் அவள் மூக்கு மட்டும்தான் விழும்.

"நீ தூரமா போவணும். நீ தூரப் போனாத்தான் மலை கிட்ட வரும்."

"நான் போனாத்தான் அது வருமா?" என்று முறைத்தாள். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இத்தச் சொல்லத்தான் காத்துகினு இருந்தீங்களா?"

போனாள். நான் துண்டை வீசினால் இன்னும் போக வேண்டும், துண்டைத் தோளில் போட்டால் நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். வீசினேன், போனாள். வீசிக்கொண்டே இருந்தேன். படுகையில் குறுக்கே போன யாத்திரைக்காரர்கள், மனைவியை விரட்டிவிடும் மனிதன் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

குழவியைக் கையில் பிடித்தால் கண்ணாடிக்குள் மலை ஆடியது. வீட்டில் சும்மா நிற்கும் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டு, மான்பகதூரின் கழுதையைக் குறுக்கே நிறுத்தி, அதன் முதுகில் லென்ஸைச் சாத்தினேன். மீட்டர் சொன்னதை நம்பவில்லை. பனியும் பீங்கானும் ஒரே ஜாதி, மீட்டர் சொன்னபடி எடுத்தால் இரண்டும் அழுக்காக விழும். கக்கூஸுக்கு எப்படி வெளிச்சம் கூட்டுவேனோ அப்படியே நீலகிரிக்கும் கூட்டினேன். கண்ணை வைத்தேன். ஆஹா! அஞ்சலை தலை முதல் கால்வரை. அவளுக்குப் பின்னால் கண்ணாடி முழுக்க மலை. ஒருவருக்கொருவர் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றார்கள்.

துண்டைத் தோளில் போட்டேன். அவள் நின்றாள். சிரிக்கத் தயாரானாள். பிறகு மலை இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பினாள்.

திரும்பியவள் திரும்பினவள்தான். "அஞ்சல!" என்று கத்தினேன். ஆற்று இரைச்சல் தின்றுவிட்டது. துண்டை வீசினேன். முதுகுக்குக் கண் ஏது? அவள் ஒரு கையை இடுப்பில் வைத்தாள். கழுத்தைச் சாய்த்தாள். மலையின் இடது கோடியில், அடுப்புப் புகைபோல மேகம் கிளம்பியது. கத்தினேன், மான்பகதூரும் கத்தினார். மேகம் பாதி மலையைத் தொட வந்தது. இனி முகம் கிடைக்காது, முதுகாவது கிடைக்கட்டும் என்று மூச்சை அடக்கினேன். கழுதை அடக்கவில்லை. அது மூச்சு விட்டு முடிக்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்தினேன். பிலிமைச் சுற்றி நிமிர்ந்தால் மலை இல்லை. வெறும் வெள்ளைச் சுவர்.

அவள் நிதானமாக நடந்து வந்தாள்.

"திரும்பச் சொல்லி எம்மாம் கத்துனேன்!"

"கேக்கல" என்றாள். "ரெண்டு நாளா அந்த அவல் பையவே பாத்துகினு வந்தேங்க, லென்ஸு கீது வுழுந்துடுமோன்னு. இத்தப் பாக்கவேயில்ல. இம்மாம் பெருசா இருக்குது, ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

முக்திநாத்தில் பெருமாளைப் பார்த்தோம். தண்ணீர்த் தாரைகளில் தலையைக் கொடுத்தேன். அந்தக் குளிருக்குப் பிறகு என் பாவமெல்லாம் போய்விட்டதா, விறைத்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறதா என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க மேகம். நீலகிரி மறுபடி முகம் காட்டவில்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரே முதுகுதான்.

ஊருக்கு வந்து கழுவிப் பார்த்தோம். படம் துல்லியம். மலையில் ஒவ்வொரு மடிப்பும் விழுந்திருந்தது. அஞ்சலை அதை மேசைமேல் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "யாரு முதுகுன்னு கேப்பா. வாடகைக்கு ஆளு வெச்சு எடுத்தியான்னு கேப்பா. இத்தனை தூரம் நடந்ததுக்கு இதான்."

சேதி தெரிந்து ராஜாமணி அடுத்த பஸ்ஸிலேயே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். நின்ற வாக்கிலேயே கையை நீட்டினாள். அஞ்சலை படத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

ராஜாமணி பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த கிண்டல் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "நம்ம அம்மாடி இது."

என் மாமியார் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர். மருமகன் போட்டோகிராபர் என்பது அவருக்கு ஒரு நிரந்தர ஆபத்து. நான் கேமராவைத் தூக்கினாலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நிற்பார். போய்ச் சேர்ந்தபோது மாலை போட ஒரு படமில்லை. இரண்டு மகள்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு ஆணி மட்டும் சும்மா இருக்கிறது.

அஞ்சலை எழுந்து வந்து அக்கா தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "ஐய, ஆமாங்க்கா. கழுத்தச் சாச்சுகினு... பால்காரன் தண்ணி ஊத்திட்டான்னு வாசல்ல நிக்குமே, அதே நிப்பு."

"கைய பாரு, இடுப்புல வெச்சிருக்கிற கைய."

"நான்தாங்க்கா அது. நான் போனது நெசம்."

"நீ போனியா இல்லியான்னு இப்ப யாருடி கேட்டா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாமணி என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இத்தப் பெருசு பண்ணி ரெண்டு வூட்டுக்கும் ஒண்ணு ஒண்ணு குடுங்க. பின்னால வெள்ளையா என்னவோ எடத்த அடைச்சுகினு நிக்குதே, அத்த வெட்டிடுங்க."

"அது மலை" என்றேன்.

"இருக்கட்டும். அம்மாவுக்கு எதுக்கு மலை?"

அஞ்சலையைப் பார்த்தேன். காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். "வெட்டிடுங்க" என்றாள் அவளும்.

இருட்டறைக்குள் மூவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். பெரிதாக்கும் மெஷினின் தலையை உயர்த்த உயர்த்த முதுகு வளர்ந்தது. மலை காகிதத்தை விட்டு வெளியே வழிந்து, மேசையோரம் இறங்கி, கடைசியில் என் சட்டை வயிற்றின்மேல் வந்து படிந்தது. நெகட்டிவில் பனி கரி. பூண்டுத் தராசிலிருந்து கழுதை முதுகுவரை பாடுபட்டு இழுத்து வந்த நீலகிரி முழுவதும் என் தொப்பைமேல் கறுப்பாகக் கிடந்தது. விளக்கை அணைத்தேன், அதுவும் போயிற்று.

காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் அக்காளும் தங்கையும் குனிந்தார்கள்.

"வருதுடி, வருதுடி" என்றாள் ராஜாமணி.

வந்தார் என் மாமியார், வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.